பூசணத்துக்கு ஆக்கிய சோறு

பாம்பன்
3.11.2025, திங்கள், காலை 6.10
சோற்றுப் பைகள்: 120
பூசணம் பிடித்தவை: 0

மதார் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் என் நம்பரை பிளாக் செய்து பதினெட்டு மணி நேரம் ஆகிறது. அதனால் தாளில் எழுதுகிறேன். ஐஸ் வண்டி ஹசன் அலி தினமும் கீழக்கரைக்கும் பாம்பனுக்கும் போய்வருகிறார். பதிலை அவரிடமே கொடுங்கள். ராத்தாவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். எனக்கு அக்காதான், ஆனாலும் நீங்கள் சொன்னதில் பாதியைத் தன் சொந்தக் கருத்தாக மாற்றிவிடுகிறாள்.

நேற்று அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் உங்களுக்கு மட்டும் போக வேண்டியது. குடும்ப குரூப்பில் விழுந்துவிட்டது. அது என் தவறு. ஆனால் கேட்ட கேள்வி இன்னும் கேள்விதான்: சட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுச் சரியாக அலசாமல் சோறு ஆக்கினீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், இங்கே கடலோரக் காப்புத் தோப்பில் புன்னையும் தென்னையுமாக 640 மரம். அத்தனையிலும் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய சுருள் வெள்ளை ஈ. இலைக்கு அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. கீழே தேன் மாதிரிப் பிசுக்கைச் சொட்டுகிறது. இதைக் கொல்ல ஒரு பூசணம் இருக்கிறது. அது ஆளையும் மீனையும் ஒன்றும் செய்யாது. ஈயின் உடம்பில் முளைத்து ஈயைத் தின்னும், அவ்வளவுதான். அந்தப் பூசணத்தை வளர்க்கச் சோறு வேண்டும். முக்கால் பதம், உதிரி, அரிசியும் தண்ணீரும் தவிர வேறு எதுவும் கிடையாது. முப்பது கிலோவை ஒரே தடவையில் ஆக்கும் சட்டியும் அடுப்பும் கல்யாணச் சமையல் பண்டாரியான உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் கேட்டேன். நீங்களும் "அதென்ன பெரிய காரியம்" என்றீர்கள்.

சோறு போன மாதம் 23-ம் தேதி வந்தது. பையில் அடைத்து, ஆவியில் கிருமி நீக்கி, 24-ம் தேதி பூசண வித்தைத் தூவினேன். ஐந்தாம் நாள் வெள்ளை படர்ந்திருக்க வேண்டும். இன்று பத்தாம் நாள். சோறு சோறாகவே இருக்கிறது.

வன ரேஞ்சர் எனக்கு டிசம்பர் 5 வரை தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் நான் பூசணம் தெளித்து ஈயைக் குறைத்துக் காட்டவில்லை என்றால் பூச்சிமருந்து அடிக்க ஆள் வரும். அந்த மரங்களுக்குக் கீழேதான் மீனம்மாளும் இன்னும் இருபது பெண்களும் கருவாடு காயப்போடுகிறார்கள். மருந்து அடித்தால் ஒரு மாதத்துக்கு அங்கே பாய் விரிக்க முடியாது.

சோப்பா, இல்லையா? மூன்று வரியில் பதில் போதும்.

நுஃமான்

(ராத்தாவிடம் என் மழைக்கோட்டைக் கேட்கவும். நீலம்.)

* * *

கீழக்கரை
5.11.2025, புதன், அஸர் தொழுதுவிட்டு வந்து

அன்பு மாப்பிள்ளை நுஃமானுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். உன் உடம்பு சுகத்துக்கு துஆ செய்கிறேன். உன் நாக்கு சுகமாவதற்குத் தனியாக ஒரு துஆ செய்கிறேன்.

மூன்று வரியில் பதில் கேட்டிருக்கிறாய். மூன்று வரியில் எழுத நான் என்ன மின்சார பில்லா?

உன் கடிதத்தை உன் ராத்தா அம்ரீன்தான் வாசித்துக் காட்டினாள். தலைப்பில் இருந்த கணக்கைக் கேட்டதும் என் கண் கலங்கிவிட்டது. மறுபடி வாசிக்கச் சொன்னேன். நூற்றிருபது பை. பத்து நாள். அடைமழைக் காலம், கடற்கரை, வியர்க்கிற பிளாஸ்டிக் பை. நீயே கையால் பூசணத்தைத் தூவியும் ஒரு பையில்கூடப் பிடிக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ். என் வாப்பா ஆக்கிய சோறு மூன்று நாள் கெடாது என்று ஊரில் பேச்சு. மகன் பத்து நாளைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

இதற்காகவா மாப்பிள்ளை நீ குரூப்பில் அப்படிக் கத்தினாய்?

இப்போது சோப்புக்கு வருகிறேன். இருபத்திரண்டு வருஷமாகப் புளியும் சாம்பலும் தவிர என் சட்டியில் வேறொன்று பட்டதில்லை. நீ கேட்ட கேள்வியால் என்ன நடந்தது தெரியுமா? டிசம்பர் 21 கபீர் காக்கா மகள் கல்யாணம். ஆயிரத்து இருநூறு பேருக்குச் சோறு. எனக்கென்று பேசி வைத்தது. அவரும் குரூப்பில் இருக்கிறார். திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தார், சாயா குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "மதாரு, சட்டியெல்லாம் சுத்தமாத்தானே வச்சிருக்கீரு?" என்கிறார். என்னை இதுவரை ஒருத்தரும் கேட்காத கேள்வி. அன்று இரவே எல்லாச் சட்டியையும் எடுத்து மறுபடி தேய்த்தேன்.

ஆகவே நீ ஒன்று செய். அந்த "120 பை, 0 பூசணம்" என்பதை ஒரு நல்ல தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, உன் ஆபீஸ் முத்திரையைக் குத்தி அனுப்பு. கபீர் காக்கா கண்ணில் படும்படி கண்ணாடி போட்டு மாட்டுகிறேன்.

சோறு நீ சொன்னபடிதான் ஆக்கினேன். என் பேருக்குக் குறைவில்லாமல் ஆக்கினேன்.

உன் அன்பு மச்சான்,
பண்டாரி மதார்

(மழைக்கோட்டு பச்சை. அம்ரீன் சொல்கிறாள்.)

* * *

பாம்பன்
6.11.2025, வியாழன், காலை 7.00
கிராம்பு: 50 கிராம்

மச்சான், ஸலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு தாளைத் திருப்பினேன்.

நீங்கள் சாமான் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பட்டியலின் தலைப்பு: "நுஃமான் சோறு, 22-10." அதன் கீழே அரிசி 30 கிலோ, நெய் 2 கிலோ, பட்டை 50 கிராம், கிராம்பு 50, ஏலக்காய் 25, பிரிஞ்சி இலை ஒரு கை, உப்பு தேவைக்கு.

தேவைக்கு. யார் தேவைக்கு?

கிராம்பு எண்ணெயும் பட்டை எண்ணெயும் பூசணத்தைக் கொல்லும். உப்பு அதை நசுக்கும். நெய் பருக்கையை மூடிக்கொண்டு வேர் இறங்க விடாது. பூசணத்தை ஒழிக்க யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டிருந்தால் இதே பட்டியலைத்தான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

சோற்றில் ஒரு கிராம்புகூட என் கண்ணில் படவில்லை. அப்படியென்றால் துணியில் முடிந்து போட்டு, வெந்ததும் வெளியே எடுத்திருக்கிறீர்கள். இது மறதி இல்லை, திட்டமிட்ட வேலை.

வனக்காவலர் வீரமணி மூட்டையை இறக்கும்போதே சொன்னார்: "சார், கல்யாண வாசம் அடிக்குது சார். ஒரு பையை இங்கன பிரிச்சுப் பாப்பமா?" எனக்கு ஜலதோஷம். "வேலையைப் பாருங்க" என்றேன்.

120 பையையும் தோப்புக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தோம். முகாம் நாய்கள் இரண்டு தடவை தோண்டிவிட்டன. இப்போது மேலே ஒரு பாறை வைத்திருக்கிறோம்.

சான்றிதழ் கிடையாது. அது தோல்விக் கணக்கு.

மறுபடி 30 கிலோ வேண்டும், 14-ம் தேதிக்குள். அதற்கு மேல் ஒரு நாள் தள்ளினாலும் டிசம்பர் 5 தவறிவிடும். அரிசி, தண்ணீர். முடியும், முடியாது: இரண்டில் ஒன்றை எழுதவும்.

நுஃமான்

(கோட்டு நீலம்தான். நான் வாங்கியது.)

* * *

கீழக்கரை
8.11.2025, சனி

மாப்பிள்ளைக்கு ஸலாம்.

முடியாது.

இரண்டில் ஒன்றை எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். தாள் மீதி இருப்பதால் காரணத்தையும் எழுதுகிறேன். இந்தத் தடவை தாளின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

கிராம்பைத் துணியில் முடிந்தது உண்மை. உன்னை ஏமாற்ற இல்லை. நீ சின்ன வயதிலிருந்தே சோற்றில் கிராம்பு கடிபட்டால் மூஞ்சியைச் சுளிப்பாய். அது உன் பூசணத்துக்கும் ஆகாதோ என்று நினைத்தேன்.

அடுப்பில் சட்டி ஏற்றினால் என் சோற்றைத் தின்ன வருகிறவர் யாரானாலும் எனக்கு விருந்தாளி. மந்திரிக்கும் ஆக்கியிருக்கிறேன், சாவு விழுந்த மையத்து வீட்டுக்கும் ஆக்கியிருக்கிறேன். வருகிறது பூசணமாகவே இருக்கட்டும். உப்பில்லாத வெறுஞ்சோற்றை எப்படி அதன் முன்னால் வைப்பேன்? நீ பூச்சியைத் தின்கிற ஜாதி, உனக்கு இது போதும் என்று அதனிடம் சொல்லவா?

இன்னொரு காரணம். நீ கேட்பது என்னவென்று ஒரு தடவை யோசித்துப் பார். நான் ஆக்கிய சோற்றில் பூசணம் பூக்க வேண்டும். அதை நீ எண்ண வேண்டும். எண்ணி ரேஞ்சருக்கு எழுத வேண்டும். "பண்டாரி மதார் ஆக்கிய சோறு, 120 பையில் 120-ம் பூசணம்." இது கபீர் காக்கா காதுக்குப் போக எத்தனை நாள் ஆகும்? ஹசன் அலி வண்டி ஒரு நடை வந்துபோனால் போதும். இப்போதே அவர் முதுகுளத்தூர்ப் பக்கம் வேறு பண்டாரியை விசாரிக்கிறார். 12-ம் மாதம் 12-ம் தேதி வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறார்.

உனக்கு மரம். எனக்குப் பேர். நீ உன் சோற்றை நீயே ஆக்கிக்கொள்.

மதார்

தம்பி, நான் அம்ரீன். இவர் மூன்று நாளாகச் சட்டியை மட்டும் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். நீ "சோப்பு கேட்டது தப்பு" என்று ஒரு வார்த்தை எழுதினால் உன் பட்டம் திரும்பப் போய்விடுமா? கோட்டு பச்சை.

* * *

பாம்பன்
11.11.2025, செவ்வாய், காலை 9.30
அரிசி: 10 கிலோ
சோறு: 0
களி: 1

மச்சான், ஸலாம்.

நானே ஆக்கினேன். பெட்ரோல் பங்க்கில் கழுவித் தந்த தகர டிரம், மூன்று கல், சவுக்கு விறகு. அளவெல்லாம் சரி. தண்ணீரை லிட்டரில் அளந்தேன், நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தேன். அடியில் கருகியது, நடுவில் குழைந்தது, மேலே அரிசியாகவே இருந்தது. வடிக்கக் கவிழ்த்தபோது எல்லாம் ஒரே கட்டியாக, டிரம்மின் வடிவத்திலேயே வெளியே வந்து நின்றது. வீரமணி அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "சார், இதுல பேர் வெட்டி நட்டு வச்சா எல்லைக்கல்லு ஆகிப்போகும்" என்றார்.

பூசணத்துக்குப் பருக்கை தனித்தனியாக நிற்க வேண்டும். இடையில் காற்று ஓட வேண்டும். குழைந்தால் நடுவில் அழுகும். நான் படித்த கல்லூரியிலேயே பத்துப் பையில் நான்கு இப்படித்தான் வீணாகும். அங்கே யாருக்கும் இதற்கு வழி தெரியாது.

நேற்று மீனம்மாள் ஒரு கை நெத்திலிக் கருவாட்டோடு வந்தார். "ஏய்யா, இத வாயில போட்டுப் பாருய்யா. இனிக்குது. கொழம்பு வச்ச பொம்பள என்னைய ஏசுறா, வெல்லத்துலயா காயப்போட்டங்கிறா. ஒன் மரத்துல இருந்து ஒழுகுதுய்யா. எப்ப நிக்கும்?" என்றார். போட்டுப் பார்த்தேன். இனித்தது. 14-ம் தேதி சோறு வந்தால் நிற்கும் என்று சொல்ல வந்தேன். சோற்றுக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கும். சீக்கிரம் நிற்கும் என்று மட்டும் சொன்னேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஆகவே எழுதுகிறேன்.

சோப்பு என்று கேட்டது தவறு. குரூப்பில் போட்டது இன்னும் பெரிய தவறு. சோற்றைக் கையில் வாங்கும்போதே ஒரு பருக்கையை வாயில் போட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். வீரமணி சொன்னபோதாவது கேட்டிருக்கலாம். பத்து நாளை வீணாக்கியது உங்கள் கிராம்பு பாதி, என் அவசரம் பாதி.

உங்கள் பெயரை எங்கும் எழுத மாட்டேன். 30 கிலோ. தயவுசெய்து.

நுஃமான்

* * *

கீழக்கரை
14.11.2025, வெள்ளி, பஜ்ர் தொழுகைக்குப் பிறகு

மாப்பிள்ளைக்கு ஸலாம்.

ஹசன் அலி வண்டியில் ஆறு மூட்டை வருகிறது. மூட்டையில் பேர் கிடையாது, ஊர் கிடையாது. அவனிடம் கால்நடைத் தீவனம் என்று சொல்லியிருக்கிறேன்.

எப்படி ஆக்கினேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு ஆக்கினேன். பிஸ்மி சொல்லி அரிசியைப் போட்டதும் கை தானாக உப்பு மரவைக்குப் போனது. பிடித்து இழுத்தேன். மறுபடி போனது. கடைசியில் அம்ரீன் மரவையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டு ஷாகிர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன மச்சான், அடுப்பு எரியுது, வாசமே வரல?" என்கிறான். தண்ணீர் காய்ச்சுகிறேன் என்றேன். "அம்புட்டுப் பெரிய சட்டியிலயா? யாருக்குப் பிரசவம்?" என்கிறான்.

முக்கால் பதத்தில் இறக்கி, வடித்து, பாயில் பரத்தி, மூன்று மின்விசிறியை வைத்து ஆற்றினேன். பிரியாணிக்குத் தம் போடும் முன் எடுக்கிற அதே பதம்தான். ஒரு பருக்கையோடு ஒரு பருக்கை ஒட்டாது, பயப்படாதே. வழக்கப்படி ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன். சுண்ணாம்புச் சுவரை நக்கின மாதிரி இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

சொன்ன சொல்லைக் காப்பாற்று. பேர் வெளியே வரக்கூடாது.

மதார்

(அந்த மீனம்மாளுக்கு என் ஸலாம் சொல். இனிக்கிற கருவாட்டை இரண்டு நாள் உப்புத்தண்ணீரில் போட்டு எடுத்தால் சரியாகும். அவருக்கும் தெரிந்திருக்கும்.)

* * *

பாம்பன்
27.11.2025, வியாழன், மாலை 4.15
பைகள்: 120
பூசணம் பிடித்தவை: 118

மச்சான், ஸலாம்.

மேலே பாருங்கள். மீதி இரண்டும் வீரமணி மோந்து பார்க்கத் திறந்தவை. "வாசமே இல்லையே சார்" என்று வருத்தப்பட்டார்.

ஐந்து மணிக்குத் தெளிக்கத் தொடங்குகிறோம். வெயில் தாழ்ந்து காற்று ஈரமாக இருக்கிறது. கைகளைக் கழுவிவிட்டேன். சோப்பு போட்டு, மூன்று தடவை அலசினேன்.

நுஃமான்

* * *

கீழக்கரை
1.12.2025, திங்கள்

மாப்பிள்ளைக்கு ஸலாம்.

118. அம்ரீன் கைதட்டினாள். நான் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன்.

மரத்துக்கு நல்லது என்றால் சந்தோஷம்தான். ஆனால் என் கையால் ஆக்கிய சோறு பூசணம் பூத்துக் கிடக்கிறதை நினைக்கவே பிடிக்கவில்லை. கபீர் காக்கா நேற்றுப் பள்ளிவாசலில் பார்த்தார், தலையை மட்டும் ஆட்டினார். முன்பெல்லாம் தோளில் தட்டுவார்.

ஒன்றும் கேட்கவில்லை. சும்மா எழுதினேன்.

மதார்

(கோட்டு கிடைத்துவிட்டது. ஒரு பக்கம் நீலம், உள்பக்கம் பச்சை. அம்ரீன் இதையும் தன் ஜெயம் என்கிறாள்.)

* * *

பாம்பன்
8.12.2025, திங்கள், காலை 6.10
தெளித்த மரங்கள்: 550
பார்த்த இலைகள்: 200
ஒரு இலையில் உயிரோடு இருந்த ஈக்குஞ்சுகள், சராசரி: தெளிக்கும் முன் 61, இன்று 9

மதார் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வாசிக்கும்போது ராத்தாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

இலைக்கு அடியில் செத்த குஞ்சுகளின் மேல் இளஞ்சிவப்பாகப் பூசணம் பூத்திருக்கிறது. ரேஞ்சர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். மருந்து அடிக்க வேண்டாம் என்று சனிக்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டார். பெண்கள் பாய் விரித்திருக்கிறார்கள்.

பிறகு அறிக்கையில் ஒரு கட்டத்தைக் காட்டி, "சோறு தயாரித்தவர் பேர் காலியா இருக்கே?" என்றார். சொல்ல அனுமதி இல்லை என்றேன். "120-க்கு 118 எடுத்துக் குடுத்த ஆளைச் சொல்ல மாட்டீரா? வேற கோட்டத்துல இருந்து பயிற்சிக்குக் கேக்குறாங்கய்யா" என்றார். அப்போதும் சொல்லவில்லை. வீரமணி வாயைத் திறந்தார். அவர் காலை மிதித்தேன். கட்டத்தில் "வல்லுநர் ஒருவர்" என்று எழுதியிருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்ட அறிக்கையில் ஒரு விவரம் குறைவது இதுவே முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதினேன்.

பாறைக்கு அடியில் கிடக்கும் அந்த முதல் 120 பையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அதைத் தோல்விக் கணக்கு என்று எழுதியிருந்தேன். எனக்குத்தான் அது தோல்வி. கணக்கில் பிழை இல்லை. ஆகவே இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நல்ல தாள். அதில் உள்ளது இது:

"கீழக்கரை பண்டாரி மதார் அவர்கள் 22.10.2025 அன்று ஆக்கிய சோறு, 120 பைகளில், பத்து நாள், மழைக்காலத்தில், கடற்கரையில் வைக்கப்பட்டது. ஒவ்வொரு பையிலும் வீரியமுள்ள பூசண வித்து என் கையால் தூவப்பட்டது. 3.11.2025 காலை 6.10-க்கு எண்ணியதில் பூசணம் பிடித்தவை: 0. இது நானே நேரில் கண்டது. மு. நுஃமான், எம்.எஸ்ஸி. (வேளாண்மை), பயிர் நோயியல்."

முத்திரை இரண்டு இடத்தில் குத்தியிருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. கிராம்பைப் பற்றி எழுதவில்லை. அது தொழில் ரகசியம் என்று வீரமணி சொன்னார். இது நகல். அசல் என்னிடம் இருக்கிறது.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை மாலை ஐந்து மணிக்கு மீதி 90 மரத்துக்கும் தெளிப்பேன்.

2. வியாழன் காலை மீனம்மாளின் நெத்திலியை வாயில் போட்டுப் பார்ப்பேன். இனித்தால் மறுபடி தெளிப்பேன்.

3. வெள்ளி ஜும்மாவுக்குக் கீழக்கரை வந்து, கபீர் காக்கா முடிவு சொல்வதற்கு முன்னால் அசலை அவர் கையில் நானே கொடுப்பேன். சோப்புப் பேச்சை நானே எடுத்து நானே முடிப்பேன்.

4. அவர் கண்ணெதிரிலேயே குடும்ப குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவேன். இந்தத் தடவை குரூப்பிலேயே போட வேண்டியது.

5. அவர் என்ன முடிவு சொன்னாலும் நம் வீட்டுக்கு வருவேன். ஒரே சகன் தட்டில் சேர்ந்து சாப்பிட உட்காருவோம், நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் ராத்தா.

6. சோற்றில் கிராம்பு கடிபடும். மூஞ்சியைச் சுளிக்க மாட்டேன்.

உங்கள் மாப்பிள்ளை,
நுஃமான்